கூப்பிட்ட பெயருக்கு எழும்பாத மனிதர்

என் வீட்டுக்காரரின் பெயர் என்னவென்று கேட்டால் நான் சொல்லமாட்டேன். அவருக்கு இரண்டு பெயர் இருக்கிறது, இரண்டையும் சொல்லமாட்டேன். புருசன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று என் தாய் சொல்லிவைத்தார். உண்மையோ பொய்யோ, சொல்லிப் பரீட்சை பார்க்க எனக்கு வேறொரு புருசன் இல்லை. ஆகையால் மற்றவர்கள் கூப்பிடும்போது நீங்களே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

முதலில் என் மாமி, அவரைப் பெற்றவர், கூப்பிடுவதைக் கேளுங்கள்.

"குப்பை! எடேய் குப்பை! எருமை விதானையாற்றை வேலியை உடைக்குதடா!"

அப்போது இவருக்கு முப்பத்துநாலு வயது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். மீசைகூட இருந்தது. "ஓம் அம்மா, வாறன்" என்று சால்வையை உதறிக்கொண்டு ஓடுவார். ஊரில் சின்னது பெரியது எல்லாம் அந்தப் பெயரால்தான் கூப்பிடும். இவரும் ஒரு நாளாவது முகம் சுளித்தது கிடையாது. எனக்குத்தான் கரைச்சல். வீடு கூட்டி அள்ளுவதைக்கூட அந்தச் சொல்லால் சொல்ல முடியாமல், கலியாணம் முடித்த நாளிலிருந்து 'கஞ்சல்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் வந்த விதம் இதுதான். மாமிக்கு இவருக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்க முதலே போய்விட்டன. நாலாவதாக இவர் பிறந்ததும், குழந்தையைச் சுளகில் கிடத்தி, மாட்டுப்பட்டிக்குப் பின்னால் உள்ள கஞ்சல் மேட்டில் வைத்துவிட்டார்கள். நீராவிப்பிட்டியிலிருந்து முட்டை வாங்க வருகிற சபூறா உம்மா, முன்னமே பேசி வைத்தபடி அந்தப் பக்கம் வந்து, "ஆருமில்லாத புள்ளை ஒண்டு கிடக்கு, நான் எடுத்துக்கொண்டு போறன்" என்று உரத்துச் சொல்லிக்கொண்டு தூக்கினார். பிறகு படலையடிக்கு வந்து விற்றார். மாமி ஒரு கொத்துத் தவிடு அளந்து கொடுத்து வாங்கினார். பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று யமனை நம்பவைக்கிற ஏற்பாடு. சபூறா உம்மா அந்தத் தவிட்டைக் கோழிகளுக்குப் போட்டார். "உன்ட புருசன்ட விலையைத் திண்ட கோழியள், நல்லா முட்டை போட்டுது மகள்" என்று என்னைக் காணும்போதெல்லாம் பகிடி பண்ணுவார்.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. மாமா ஒரு முறை கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தவர். அவர் பேசாமல் பதிவுகாரரிடம் போய், தன் மனதில் இருந்த ஒரு நல்ல பெயரைப் பிள்ளைக்குப் பதிந்துவிட்டு வந்தார். வந்து பெண்சாதியின் காதில் சொன்னாராம். மாமி அதற்குப் பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு போட்டார், கறி ஊற்றவில்லை.

மாமியின் எண்ணம் இப்படி. யமனுடைய கந்தோரிலும் பதிவுகாரருடையதைப் போல ஒரு பெயர்ப் புத்தகம் இருக்கிறது. சித்திரபுத்திரன் அதை எழுதுகிறான். தூதர்கள் வந்து அதில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். 'ஏன்' என்று திருப்பிக் குரல் கொடுத்தவன் போய்விடுவான். "முதல் மூண்டுக்கும் வடிவான பேர் வைச்சு, நாள் முழுக்கக் கூப்பிட்டன். நானே கூப்பிட்டுக் காட்டிக் குடுத்திட்டன்" என்று மாமி ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் பகிடி ஒன்றும் பண்ணவில்லை.

எங்கள் கலியாண எழுத்தன்று பதிவுகாரர் அந்தப் பெயரை ஒரு முறை, பக்கத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்கத் தாழ்ந்த குரலில் வாசித்தார். அவர் வாய் திறக்க முதலே மாமி, "மாட்டுக்குத் தண்ணி வைக்கவேணும்" என்று எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விட்டார். கலியாணம் நடந்தது எங்கள் வீட்டில். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

இனிக் காணி விசயத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு, புயலுக்கு முதல், நடுவில் ஒரு வருடம்; எங்கள் ஊரில் வருடக் கணக்கு இப்படித்தான். காட்டுக்குள் தூர்ந்து கிடந்த பழைய குளமொன்றைத் திருத்தி, கீழே குடியேற்றத்திட்டம் போட்டார்கள். ஆளுக்கு மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. நாங்கள் அப்போது மாமியோடு என் தமையனின் வளவில் ஒரு மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். இவர் வயலில் இறங்கினால் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாத மனிதர். ஆனால் இறங்குவதெல்லாம் பிறத்தியாரின் வயல். என் தமையன் பெண்சாதி வேறு, எங்கள் கோழி தன் பக்கம் வந்தால் கோழியைப் பேசுகிற மாதிரி என்னைப் பேசுவாள். எனக்கு அந்த ஐந்து ஏக்கர் வேண்டும். அதைவிட வேறொன்றும் அந்த வருடம் நான் கோயிலில் கேட்கவில்லை.

பெத்திசம் எழுதுகிற அப்புத்துரையர் விண்ணப்பம் எழுதித் தந்தார். பிறப்புப் பத்திரத்தை வைத்துப் பார்த்து எழுதினார். எழுதி முடித்துக் கடதாசியைத் தள்ளிப் பிடித்துத் தானே ரசித்தார். "காணி குடுக்கிற கச்சேரியிலை இதை வாசிக்கிறவன் எழும்பி நிண்டு வாசிப்பான்" என்றார். எங்களுக்கு என்ன தெரியும்? சந்தோசமாகக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தோம்.

காணிக் கச்சேரி, அதாவது ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்துக் காணி கொடுக்கிற நாள், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கள் பகுதிக்குப் பெரிய அதிகாரியான டி.ஆர்.ஓ. ஐயா உள்ளே மேசையில். பியோன் வாசற்படியில் நின்று, பெயர்கள் எழுதிய டாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவான். ஆண்கள் ஒரு பாலைமரத்தின் கீழ், பெண்கள் மற்றப் பாலைமரத்தின் கீழ். நானும் மாமியும் விடியவே போய் நிழலான இடமாகப் பிடித்து இருந்தோம்.

"வீ. கதிர்காமநாதன்!" என்று பியோன் கத்தினான்.

கலியாண எழுத்தன்று கேட்ட பெயர். இவரைப் பார்த்தேன். இவர் பக்கத்தில் இருந்தவருக்கு எருமைக் கன்றுக்குப் புழு வந்தால் என்ன செய்வதென்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீ. கதிர்காமநாதன்! இருக்கிறாரோ?"

பெயரை நான் சொல்ல முடியாது. எழுந்து போகலாமென்றால், மாமி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கிணற்றுக் கயிற்றைப் பிடிக்கிற பிடி. அவரின் மற்றக் கை ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் இருந்த இடத்திலிருந்தே, எல்லாப் பெண்சாதிமாரும் புருசனைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். பாலைமரத்தின் கீழ் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனிதர் மட்டும் பார்க்கவில்லை. எருமைக் கன்று அவ்வளவு முக்கியம்.

"வீ. கதிர்காமநாதன்! மூண்டாந்தரம்!"

பியோன் டாப்பில் ஒரு கோடு போட்டான். அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

பின்நேரம் வரையும் இவர் அங்கேயே குந்தியிருந்தார். கச்சேரி முடிந்து மேசையைத் தூக்கிய பிறகு, முகம் வாடி எங்களிடம் வந்தார்.

"என்ரை பேரைக் கூப்பிடேல்லை. ஆனால் பாவம், ஆரோ ஒரு மனுசன் வராமல் விட்டிட்டான். மூண்டு தரம் கூப்பிட்டவங்கள். காணி கையை விட்டுப் போட்டுது. வீட்டிலை பெண்சாதி பிள்ளையள் இருக்குமெல்லே?"

"இருக்கும்" என்றேன்.

"என்ன சீவனோ, நல்லநாளும் அதுவுமாய் எங்கை போய்க் கிடந்துதோ!"

"எருமைக்கண்டுக்குப் புழு எடுத்துக்கொண்டு கிடந்துது."

அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. "கேட்ட பேர் மாதிரித்தான் எனக்கும் கிடந்துது" என்றார். அவ்வளவுதான்.

வாசலில் விசாரித்தோம். தவறவிட்டவர்களை மூன்றாம் நாள் இன்னொரு முறை கூப்பிடுவார்களாம். அன்றைக்கும் ஆள் வராவிட்டால் காணி அடுத்த ஆளுக்குப் போகும். ஊருக்கு அரசாங்கம் வைத்த ஆளான விதானையார், இன்னார் இன்னார்தான் என்று கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

விதானையார் பரமலிங்கம் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் கையெழுத்து விசயத்தில் அவர் தன் நிழலையே நம்பமாட்டார். போய்க் கேட்டோம்.

"குப்பையைத் தெரியுமோ எண்டு கேட்டால், தெரியும் எண்டு கோயிலிலை நிண்டும் சொல்லுவன். என்ரை வேலியை உடைச்ச எருமையின்ரை சொந்தக்காரன். ஆனால் கதிர்காமநாதன் எண்டு ஒருத்தரை என்ரை பகுதியிலை நான் காணேல்லை. காணாத மனுசனுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"பிறப்புப் பத்திரம் கிடக்கு விதானையார்" என்றார் இவர்.

"பத்திரம் கிடக்கு. அது நீதான் எண்டு ஆர் சொல்லுறது? உன்ரை தாய் சொல்லட்டும், வைக்கிறன்."

மாமி சொல்லமாட்டார். நான் சொல்லக்கூடாது. மாமா மோட்சம் போய்விட்டார். மற்ற ஊர்ச் சனத்துக்குத் தெரியாது. பெயர் தெரிந்த இரண்டு பேருக்கும் வாய் கட்டு. வாய் இருக்கிறவர்களுக்குப் பெயர் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மாமியோடு எனக்குச் சண்டை. அந்தச் சண்டையில் எனக்கு இன்றும் வெட்கமில்லை.

"மாமி, முப்பத்துநாலு வயசு மனுசனை யமன் இன்னும் சுளகுக்குள்ளையே தேடிக்கொண்டிருக்கிறானோ?"

"நீ பகிடி பண்ணு. நீ மூண்டைப் புதைச்சவளோ?"

"இல்லை. ஆனால் மூண்டைப் பெத்து வைச்சிருக்கிறன். அதுகளுக்குக் குந்த ஒரு நிலம் வேண்டாமோ? உங்கடை மோன் சீவனோடை இருந்து, பிறத்தியாற்றை வரம்பிலை சாகவோ?"

மாமி எழுந்து போய்ச் சுளகை எடுத்து, அதில் ஒன்றுமில்லாமலே இரண்டு தரம் புடைத்தார். இவர் நடுவில் நின்று, "அம்மா சொல்லுறதும் சரி, நீ சொல்லுறதும் சரி" என்றார். இதுதான் இவரிடம் உள்ள வருத்தம். யார் கூப்பிட்டாலும் போவார், யார் சொன்னாலும் தலையாட்டுவார். 'இல்லை' என்ற சொல்லைத் தவிட்டோடு சேர்த்து விற்றுவிட்டார்களோ தெரியாது.

அந்தத் தவிட்டை நினைத்தபோதுதான் எனக்குச் சபூறா உம்மா நினைவுக்கு வந்தார்.

அடுத்த நாள் காலையில் நடந்தே நீராவிப்பிட்டிக்குப் போனேன். உம்மாவுக்கு அப்போது கண் கொஞ்சம் மங்கல், வாய் மங்கவில்லை. முழுக் கதையையும் கேட்டுச் சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பேர் எனக்குத் தெரியும் மகள். பதிஞ்சிட்டு வாற வழியிலை உன்ட மாமா எங்கட வாசல்லை நிண்டு, 'கதிர்காமநாதன் எண்டு வைச்சிட்டன், அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது' எண்டு கேட்டவர். 'கறி தின்னிறதுக்கு முன்னுக்குச் சொல்லாதைங்கோ' எண்டனான். கேக்கேல்லை."

"வந்து சொல்லுவீங்களோ உம்மா?"

"ஏன் சொல்லமாட்டன்? நான் எடுத்த புள்ளை. அவள்தான் என்னட்டை வாங்கினவள்."

மூன்றாம் நாள் நாங்கள் நாலு பேரும் கச்சேரிக்குப் போனோம். மாமி வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு, "நான் இல்லாட்டி அவன் கூப்பிட்ட உடனை ஏன் எண்டு கேட்டுப் போடுவான்" என்று முதலாவதாக வண்டிலில் ஏறிக் குந்தினார். வழி முழுக்க இவருக்குப் படிப்பித்துக்கொண்டு வந்தார். "ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்காதை. அசையாதை." அசையாமல் இருப்பதில் இவருக்கு முதல்நாளே நல்ல பழக்கம் இருந்தது.

கச்சேரியில் பியோன் பெயரைக் கூப்பிட முதலே சபூறா உம்மா தடியை ஊன்றிக்கொண்டு நேரே உள்ளே போனார். பின்னால் நாங்கள் மூன்று பேரும், அங்கே வந்திருந்த விதானையாரும் போனோம். டி.ஆர்.ஓ. ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"இதிலை ஆர் கதிர்காமநாதன்?"

மாமி இரண்டு காதையும் பொத்தினார். இவர் கூரை மோட்டைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இவன்தான் ஐயா" என்றார் உம்மா. "பொறந்த அண்டைக்குக் கஞ்சல் மேட்டிலை இருந்து எடுத்தவள் நான். இது பெத்த தாய். சுகமாத்தான் இருக்கிறா, பயந்து காதைப் பொத்தியிருக்கிறா." பிறகு சுளகு, தவிடு, கோழி, கறி ஊற்றாத மூன்று நாள் எல்லாம் சொன்னார். டி.ஆர்.ஓ. ஐயா சிரிக்கக்கூடாது என்று பேனையைக் கடித்துக்கொண்டிருந்தார். பியோன் வாசலில் நின்று தாராளமாகச் சிரித்தான்.

ஐயா எங்கள் விண்ணப்பத்தை எடுத்து விரித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இதிலை 'வேறு பெயர்கள்' எண்டு ஒரு இடம் இருக்கு. 'இல்லை' எண்டு எழுதியிருக்கு. ஊர் முழுக்கத் தெரிஞ்ச பேரை இல்லை எண்டு எழுதினது ஆர்?"

எல்லாரும் வெளியே பார்த்தோம். பாலைமரத்தின் கீழ் இன்னொருவருக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த அப்புத்துரையர் மெல்ல எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கமாகப் போனார். தொந்தி பெருத்த மனிதர், மரம் போதவில்லை. பியோன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஐயா, குப்பை எண்டு அரசாங்கத்துக்கு எழுதேலுமே? எங்கடை ஊரின்ரை மரியாதை என்ன ஆகிறது?"

"அதை எழுதியிருந்தால் முந்தநாளே இவருக்குக் காணி குடுத்திருப்பம். விதானையாரும் கையெழுத்து வைச்சிருப்பார்."

"வைச்சிருப்பன்" என்றார் விதானையார், உடனே.

ஐயா 'இல்லை' என்பதை வெட்டினார். மேலே எழுதப்போனார். அப்போதுதான் மாமி காதிலிருந்து கையை எடுத்தார்.

"ஐயா, குப்பையை முன்னுக்கு எழுதுங்கோ. மற்றதைப் பின்னுக்கு எழுதுங்கோ. ஆரும் டாப்பைப் பாத்துக் கூப்பிட்டால் முதல் பேரைத்தானே கூப்பிடுவினம்."

"ஆச்சி, பதிவுப் பேர்தான் முன்னுக்கு வரவேணும். அது சட்டம்."

"அப்ப கூப்பிடேக்கை உங்கடை ஆள் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது."

ஐயா பியோனைப் பார்த்தார். பியோன், தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்கிற மாதிரித் தோளைக் குலுக்கினான். "சரி ஆச்சி" என்றார் ஐயா. எழுதினார். எழுதியதை வாசித்தால் மாமி ஓடிவிடுவார் என்று, விதானையாருக்கு மட்டும் காட்டினார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"நீர் சொல்லும். இந்த ரெண்டு பேரும் நீர்தானே?"

இவர் தாயைப் பார்த்தார். தாய் தலையை ஆட்டினார், இல்லை என்று. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ஓம் என்று. கடைசியில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"குப்பை நான்தான் ஐயா. மற்றதும் என்ரை பொறுப்பிலைதான் கிடக்கு."

டி.ஆர்.ஓ. ஐயா அதற்கு மேல் அடக்கிக்கொள்ளவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "காணும், வாயாலை ஒண்டும் சொல்லவேண்டாம். கைநாட்டு வையும்" என்றார்.

மாமி யோசித்தார். பெருவிரலுக்கு வாய் இல்லை; அது 'ஏன்' என்று கேட்காது. தானே இவருடைய கையைப் பிடித்து மையில் ஒற்றி, கடதாசியில் அழுத்தினார். அந்தப் பிடி நான் அறிந்த பிடிதான். விதானையார் கீழே கையெழுத்து வைத்தார்.

ஐந்து ஏக்கர் கிடைத்தது. காடு வெட்டி, எரித்து, வரம்பு கட்டி, முதற்போகம் விதைத்தோம். என் கோழி என் வளவில் மேய்ந்தது. சபூறா உம்மாவுக்கு முதல் அறுவடையில் ஒரு மூட்டை நெல்லோடு ஒரு கொத்துத் தவிடும் அனுப்பினேன். "ஏன், ஆளைத் திருப்பித் தரப்போறாளாமோ?" என்று கேட்டாராம்.

இவர் மட்டும் அந்த மற்றப் பெயரை ஒரு வேற்று மனிதர் போலவே வைத்திருந்தார். தபாலில் கடிதம் வந்தால், "அந்தாளுக்கு வந்திருக்கு" என்று கொண்டுவந்து தருவார். வாய்க்கால் துப்புரவுக்கு வராதவர்களின் பெயரை வாசித்தால், "அந்தாள் எப்பவும் இப்பிடித்தான்" என்று தானும் சேர்ந்து பேசுவார். மாமி அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப் போவார். புயலுக்கு முந்தின மாரியில், நித்திரையிலேயே, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் எங்களுக்குக் கேட்காமல் மாமி போய்ச் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு புதுக் கிளாக்கர் வந்தார். பழைய டாப்பைப் புது டாப்பில் பெயர்த்து எழுதுகிற வேலை. வயலுக்கே வந்து வரம்பில் குந்தினார். நல்ல பிள்ளை.

"அண்ணை, இந்தக் குப்பை எண்டது மரியாதையில்லை. உங்களுக்கு நல்லதொரு பேர் கிடக்கு. இதை வெட்டிவிடட்டோ?"

நான் இவர் வாயைப் பார்த்தேன். "ஓம் தம்பி, உங்கடை விருப்பம்" என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். பயப்பட இப்போது தாயும் இல்லை.

"வெட்டாதையுங்கோ தம்பி" என்றார். "அந்தாள் நல்ல மனுசன்தான். ஆனால் அவருக்கு வயல் வேலை தெரியாது."

என் காலத்தில் இவர் ஒருவருக்கு மறுத்துச் சொன்னதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கிளாக்கர் சிரித்துக்கொண்டு இரண்டையும் எழுதினார். இவர் வாய்க்காலுக்குக் கால் கழுவப் போனார். கிளாக்கருக்கு ஒரு குறும்பு. டாப்பை மூடிவிட்டு, சும்மா பரீட்சை பார்க்க, உரத்துக் கூப்பிட்டார்.

"கதிர்காமநாதன்!"

இவர் நிமிரவே இல்லை. கால் விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ தம்பி, அது எழும்பாது" என்று சொல்லிவிட்டு நான் கூப்பிட்டேன்: "இஞ்சாருங்கோ!"

"என்னப்பா?" என்று இவர் திரும்பினார். பக்கத்தில் இருந்த கிளாக்கரும் திரும்பிப் பார்த்தார். பாவம், அவரும் புதிதாகக் கலியாணம் முடித்தவராம்.